எண்பலகையில் எழுதப்படும் கணக்கு

எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் பலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் பணிபுரிகின்றனர். கோடை விடுமுறை நெருங்கும்போது, "ஹஜ்ரத், இந்த வருஷம் நாங்கள் துபைக்குப் போகிறோம்" என்று மகிழ்ச்சியோடு வந்து சொல்லும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றனர். தந்தை விடுப்பில் ஊருக்கு வருவதே முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது குடும்பமே சுற்றுலா விசாவில் தந்தையைக் காணச் செல்கிறது. துணைக்கு மாமாவோ சிறிய தந்தையோ மாப்பிள்ளையோ உடன் செல்வதும் உண்டு. சென்ற இடத்தில் வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிச் சுற்றிப் பார்க்கும் வழக்கமும் பெருகியுள்ளது.

நானும் என் தம்பியின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் சென்று மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். அதில் ஐந்து நாட்கள் வாடகைக் கார் ஓட்டினேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தம்பி சொன்னான்: "காக்கா, இந்த ஊரில் போலீஸ்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடாதீர்கள். எல்லாம் எண்பலகையில் எழுதப்பட்டுவிடும்." அங்கிருந்த நாட்களில் அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. சுங்கம், நிறுத்தக் கட்டணம், அபராதம் ஆகிய எதையும் அங்கே யாரும் கைநீட்டிக் கேட்பதில்லை. படக்கருவி எண்பலகையைப் படித்து ஓசையின்றிக் கணக்கில் ஏற்றிவிடுகிறது. அந்த எண்பலகையோ வந்து போகும் விருந்தினரின் பெயரில் இல்லை. மற்றொருவர் பெயரில் இருக்கிறது. துபைக்குச் செல்லும் வாசகர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

ஊரிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டியது

நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தை மட்டும் கொண்டு அங்கே சுற்றுலாப் பயணி கார் ஓட்ட இயலாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எனப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இதனை நம்மூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், புறப்படுவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும், ஓராண்டு செல்லுபடியாகும். இது வந்து திரும்பும் பயணிகளுக்கு மட்டுமே உரியது. குடியிருப்பு விசா பெற்றவர் அந்நாட்டு உரிமத்தைத் தேர்வெழுதியே பெற வேண்டும்.

"என் கார்தான் சும்மா நிற்கிறதே, எடுத்து ஓட்டுங்கள்" என்று உறவினர் அன்போடு சாவியை நீட்டலாம். சுற்றுலா விசாவில் உள்ளவர் ஓட்டினால் அக்காரின் காப்பீடு பொறுப்பேற்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டறியாமல் அச்சாவியை வாங்கலாகாது. முறைப்படி வாடகைக்கு எடுத்து, ஓட்டுபவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் செய்வதே தெளிவான வழி. காரைப் பெறும்போது நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கீறலாயினும் ஒப்பந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எழும் வாக்குவாதத்தை அந்தப் படங்கள் தவிர்க்கும்.

வலப்புறம் செல்லும் சாலை

அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்; வண்டிகள் செல்வது சாலையின் வலப்பக்கம். பிற வண்டிகள் நிறைந்த சாலையில் இதனால் பெருந்துன்பம் இல்லை. முன்னே செல்பவரைப் பின்பற்றினால் போதும். ஆபத்து காத்திருப்பது வெறிச்சோடிய சாலையில்தான். சுப்ஹுத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளிவரும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து சாலையில் ஏறும்போதும், இடப்பக்கம் திரும்பும்போதும் நம் கை பழகிய பக்கத்தையே நாடும். அந்நேரங்களில் அருகிலிருப்பவர் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தை என் தம்பி வீட்டில் வைத்திருந்தனர். வெட்கப்படாமல் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது. நான் ஓட்டிய ஐந்து நாளும் இப்பணியை என் மனைவி ஏற்றுக்கொண்டார்.

வட்டச் சந்தியை அங்குள்ள நம்மவர் அரபுச் சொல்லாலேயே 'துவ்வார்' என்கின்றனர். அதனுள் ஏற்கனவே சுற்றிவரும் வண்டிகள் நமக்கு இடப்புறமிருந்து வரும்; அவற்றுக்கு வழிவிட்ட பின்னரே நாம் நுழைய வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம் ஊரில் காரை ஓரங்கட்டினால் நடைபாதை இடப்பக்கம் இருக்கும். பிள்ளைகள் இடப்பக்கக் கதவைத் திறந்து குதித்துப் பழகியிருப்பர். அங்கே அந்தக் கதவு ஓடும் வண்டிகளின் பக்கம் திறக்கும். வலப்பக்கக் கதவால்தான் இறங்க வேண்டும் என்பதைப் பயணத்தின் முதல் நாளே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். பத்து வயது நிரம்பாத பிள்ளையை முன்னிருக்கையில் அமர்த்தக் கூடாது. பின்னிருக்கையில் இருப்போரும் இடுப்புவார் அணிய வேண்டும். கோடையில் வெப்பம் 45 பாகைக்கு மேலும் ஏறும் ஊர் அது. "இதோ வந்துவிடுகிறேன்" என்று குழந்தையை மூடிய காரில் விட்டுச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய வழியைத் தவறவிட்டால் நிறுத்தவோ பின்னோக்கி வரவோ கூடாது. அடுத்த வழிவரை சென்று சுற்றி வாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் செலவாவது சிறிது பெட்ரோல் மட்டுமே.

ஸாலிக் என்னும் சொல்

ஆன்ம வழியில் நடைபயிலும் ஒருவரை 'ஸாலிக்' என்று மதரஸாவில் நாங்கள் சொல்லிக் கொடுப்பதுண்டு. தடையின்றிச் செல்லும் வழியையும் அச்சொல் குறிக்கும். துபையில் 2007 ஜூலையில் தொடங்கிய சாலைச் சுங்கத்திற்கும் அதே பெயரை இட்டுள்ளனர். வண்டியை மறிக்கும் தடுப்புக் கட்டை இல்லை. வளைவின் கீழ் கடந்து சென்றால் போதும், பணம் கழிந்துவிடும். 2024 நவம்பரில் இரண்டு வாயில்கள் சேர்ந்து, மொத்தம் பத்து வாயில்களாயின.

2025 ஜனவரி 31 முதல் கட்டணம் நேரத்திற்கேற்ப மாறுகிறது. வேலைநாட்களில் காலை 6 முதல் 10 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் 6 திர்ஹம். ஏனைய நேரங்களில் 4 திர்ஹம். நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை கட்டணமில்லை. ரமளானில் இந்நேரங்கள் மாறும். நெரிசல் நேரத்தில் போகும்போது மூன்று வாயில், வரும்போது மூன்று வாயில் கடந்தால் ஒரே நாளில் 36 திர்ஹம் ஆகிவிடும். தேராவையும் பர் துபையையும் பிரிக்கும் கழியைக் கடக்க மக்தூம் பாலத்தில் சென்றால் சுங்கம் உண்டு. ஷிந்தகா சுரங்கப் பாதையிலும் 2022இல் திறக்கப்பட்ட இன்ஃபினிட்டி பாலத்திலும் சுங்கவாயில் இல்லை. காலை பத்து மணிக்குப் பின் புறப்படுவதும் வழியைத் தெரிந்து தேர்வதும் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

வெள்ளிக்கிழமை இலவசமா?

பல ஆண்டுகளுக்கு முன் துபை சென்று வந்த பெரியவர்கள், "வெள்ளிக்கிழமை எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம், காசில்லை" என்று இன்றும் சொல்கின்றனர். அது அக்காலத்துச் செய்தி. 2022 ஜனவரியில் அந்நாடு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரை நாள் வேலைநாளாக்கியது. அதனையொட்டித் துபையில் இலவச நாளும் அதே ஆண்டில் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது. பக்கத்து ஷார்ஜாவிலோ பெரும்பாலான இடங்களில் வெள்ளி இன்னும் இலவசம். ஆயினும் நீலப் பலகை நாட்டிய பகுதிகளில் வாரம் ஏழு நாளும் கட்டணம் உண்டு. காரில் அரைமணி நேரத்தில் ஓர் அமீரகத்தைக் கடந்து மற்றொன்றில் நுழைந்துவிடுகிறோம். சட்டமும் உடன் மாறிவிடுகிறது. ஆகவே கேள்விப்பட்டதை நம்பாமல் எதிரே உள்ள பலகையைப் படிப்பதே நலம்.

துபையில் பொதுவாகக் காலை 8 முதல் இரவு 10 வரை கட்டண நேரம். 2025 ஏப்ரல் முதல் காலை 8 முதல் 10 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் முதன்மை இடங்களில் மணிக்கு 6 திர்ஹமும் பிற இடங்களில் 4 திர்ஹமும் பெறுகின்றனர். பலகையில் அப்பகுதியின் குறியீட்டு எண் இருக்கும். வண்டி எண்ணையும் அக்குறியீட்டையும் எத்தனை மணி நேரம் என்பதையும் 7275 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பணம் கழிந்துவிடும். இதற்கு அந்நாட்டு சிம் வேண்டும். அது இல்லாதவர் அங்குள்ள இயந்திரத்தில் செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் தம்பிக்குத் தொலைபேசி செய்து, "கொஞ்சம் அனுப்பிவிடப்பா" என்று சொல்வது எளிதுதான். வேலையில் இருப்பவர் அச்செய்தியைக் காண அரைமணி நேரம் ஆனால் அதற்குள் அபராதம் எழுதப்பட்டுவிடும்.

துபை மால் போன்ற பெரு வணிக வளாகங்களிலும் இப்போது எண்பலகைதான் சீட்டு. அங்கே 2024 ஜூலை முதல் குறித்த சில பகுதிகளில் வேலைநாட்களில் நான்கு மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் இலவசம். அதற்கு மேல் தங்கினால் ஸாலிக் கணக்கிலிருந்து பணம் கழிகிறது. குடியிருப்புக் கட்டடங்களின் அடித்தள நிறுத்துமிடங்கள் வாடகைதாரர்களுக்கே உரியவை. இரவு நேரம்தானே என்று அங்கே நுழைப்பது வேலை முடிந்து களைத்து வருபவரின் இடத்தைப் பறிப்பதாகும்.

பள்ளிவாசல் வாசலில்

இச்செய்தியை எழுத எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜும்ஆ நேரத்திலும் ரமளானின் தராவீஹ் நேரத்திலும் பள்ளிவாசல்களைச் சுற்றி வண்டிக்குப் பின் வண்டியாக நிறுத்தி, உள்ளே இருப்பவை வெளிவர முடியாமல் அடைத்துவிடுகின்றனர். இவ்வாறு வழிமறித்து நிறுத்துவதற்கு அங்கே 500 திர்ஹம் அபராதம். ஊனமுற்றோர்க்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்தினால் 1000 திர்ஹம். தொழுகைக்காக வந்தவருக்கு வசதியும் செய்திருக்கிறார்கள். 2025இல் பள்ளிவாசல்கள் பலவற்றின் நிறுத்துமிடங்களைக் கட்டணத்தின் கீழ்க் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு தொழுகை வேளையிலும் ஒரு மணி நேரம் இலவசம் என வைத்தனர்.

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். அடைபட்ட காரின் உரிமையாளர் வீட்டில் நோயுற்ற குழந்தை காத்திருக்கலாம். பணிக்குத் திரும்ப வேண்டிய மணி கடந்துகொண்டிருக்கலாம். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தொழ வந்த நாமே அத்தொல்லையை வழியில் கொண்டுபோய் நிறுத்தலாமா? பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, நடந்து வந்தால் எவர் மனமும் நோகாது.

முகாலஃபா

விதிமீறலுக்கும் அதற்கான அபராதத்திற்கும் அங்குள்ளோர் 'முகாலஃபா' என்பர். ஓட்டும்போது கைபேசியை எடுத்தால் 800 திர்ஹம். இடுப்புவார் அணியாவிட்டால் 400. சிவப்பு விளக்கைக் கடந்தால் 1000. காரிலிருந்து குப்பையை வீசினால் 1000. நிறுத்தக் கட்டணம் செலுத்தாவிட்டால் 150. பலகையில் உள்ள வேகத்திற்கு மேல் 20 கிலோமீட்டர்வரை ரடார் பொறுத்துக்கொள்ளும் என்று நண்பர்கள் சொல்வர். துபையில் அவ்வாறிருப்பினும், அபூதபியில் அச்சலுகை 2018இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பலகையில் எழுதிய வேகத்தையே எல்லையாகக் கொள்வதுதான் பாதுகாப்பு.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் அங்கே அலுவலகமொன்றில் கணக்கெழுதுகிறார். தங்கையும் தங்கையின் கணவரும் விருந்தினராக வந்தபோது, தம் கடன் அட்டையை முன்பணமாக வைத்துப் பத்து நாளுக்குக் கார் எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை மகிழ்ச்சியோடு எங்கும் சுற்றினார், ஊரும் திரும்பினார். மூன்று வாரம் கழித்து அட்டையிலிருந்து பணம் கழியத் தொடங்கியது. வேக மீறலுக்கு 600, இடுப்புவாருக்கு 400, நிறுத்தக் கட்டணம் செலுத்தாததற்கு இருமுறை 150. ஆக 1300 திர்ஹம். ஸாலிக் பாக்கியும் வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் தனி.

"மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்து, "தங்கை வாழப்போன வீடு ஹஜ்ரத். பணத்தைக் கேட்டு நாளைக்கு அவளுக்கு ஒரு சொல் வந்துவிட்டால்?" என்றார். அந்த மாதம் தம் உம்மாவுக்கு அனுப்பும் பணத்தில்தான் அவர் குறைத்துக்கொண்டார். ஊரில் அந்த உம்மாவோ, மகனுக்கு என்ன செலவு வந்ததோ என்று அறியாமல் மளிகைக் கடையில் தவணை சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை கெட்டவர் அல்லர். தம் பெயரில் ஒரு கடன் எழுதப்பட்டதையே அவர் அறியார். அறியாத கடனாயினும் யாரோ ஒருவர் அதைச் சுமக்கத்தானே வேண்டியிருக்கிறது!

நம் குடும்பங்களில் விருந்தினரிடம் பணம் கேட்பது இழுக்கு. மாப்பிள்ளையிடம் கேட்பது அதனினும் இழுக்கு. கேட்க முடியாத நிலையில் ஒருவரை வைத்திருக்கும்போது, கேட்குமுன் கொடுப்பது நம் கடமையாகிவிடுகிறது.

உராய்வு நேர்ந்தால்

சிறு உராய்வு ஏற்பட்டாலும் நம் ஊர்போல் இறங்கிக் குரலுயர்த்துவதும் கையில் பணம் கொடுத்துச் சமாதானம் பேசுவதும் அங்கே உதவாது. எவருக்கும் காயமில்லையெனில் வண்டியை ஓரத்திற்குக் கொண்டுசென்று காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரத்திற்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998, அவசரமல்லாத செய்திக்கு 901. காவல்துறையின் அறிக்கைத் தாள் இல்லாமல் எந்தப் பட்டறையும் வண்டியைத் தொடாது; காப்பீடும் கிட்டாது. வாடகை நிறுவனத்திற்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

கார் வேண்டாத இடங்கள்

எல்லா இடத்திற்கும் கார் தேவையில்லை. தேராவின் தங்கக் கடைவீதிக்கும் நாயிஃபுக்கும் கார் கொண்டு செல்பவர், பொருள் வாங்கும் நேரத்தைவிட இடம் தேடும் நேரத்தையே மிகுதியாகச் செலவிடுவர். 2009இல் தொடங்கிய மெட்ரோ ரயிலின் பச்சைத் தடம் அப்பகுதிகளின் ஊடாகவே செல்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதியும் உண்டு. கழியைக் கடக்க ஒரு திர்ஹம் கொடுத்து 'அப்ரா' என்னும் படகில் ஏறினால் பிள்ளைகள் மகிழ்வர். என் பிள்ளைகள் பெருங்கட்டடங்களைவிட அந்தப் படகையே இன்றும் நினைவுகூர்கின்றனர். ஹத்தா, ஃபுஜைரா, அல்அய்ன் போன்ற தொலைவிடங்களுக்குச் செல்லும் நாட்களுக்கு மட்டும் கார் எடுத்தால் செலவும் கவலையும் பாதியாகும்.

புறப்படுமுன்

காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பெட்ரோல் அளவைச் சரிபார்த்து, மீண்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்பலகையின் மீதுள்ள அபராதங்களைக் காவல்துறையின் செயலியிலோ நிறுவனத்திடமோ கேட்டறியலாம். சில அபராதங்கள் பிந்தியே தெரியவரும். அதற்காகவே முன்பணத்தைச் சில வாரங்கள் நிறுவனங்கள் பிடித்து வைக்கின்றன. ஆகவே விமானம் ஏறுமுன், கார் எடுத்துக் கொடுத்தவரின் கையில் ஒரு தொகையை அமானிதமாகக் கொடுத்து, "பின்னால் ஏதேனும் வந்தால் இதிலிருந்து எடுத்துக்கொள், போதாவிட்டால் தயங்காமல் எழுது" என்று சொல்லுங்கள். அவர் "வேண்டாம்" என்றுதான் மறுப்பார். மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். மீதமிருந்தால் பிள்ளைகளுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிரிந்து வாழும் குடும்பங்கள் சில நாட்களாவது கூடி மகிழ்வதற்கே இப்பயணங்கள். இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு செல்லவிருக்கும் குடும்பங்கள் நலமாகச் சென்று திரும்பட்டும். நம்மை வழியனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பும் அந்தச் சகோதரர் தலையில் நாம் விட்டுவந்த பாக்கி எதுவும் இல்லாதிருக்கட்டும்.